பதினோராம் பாட்டு

நன்னூல் பெயரியலில் பேடு பற்றி ஒரு சூத்திரம் இருக்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிற பேடு ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிற பேடு பெண்பால் என்றும் பவணந்தி அதில் சொல்கிறார். பாலை நிர்ணயிக்க அவர் உடம்பைப் பார்க்கச் சொல்லவில்லை, அவாவைப் பார்க்கச் சொல்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணம் ஒன்றில் இது இருப்பது நமக்கு ஆச்சரியம் தரவேண்டும். ஆனால் சூத்திரம் அங்கே நிற்கவில்லை. இந்த இருவகையாரையும் அஃறிணை போலச் சொல்வதும் உண்டு என்று ஓர் அடியைச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் தொல்காப்பியம் இதே மனிதர்களை உயர்திணையில் வைத்தே பேசியது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் ஈற்றை ஏற்காது என்று கிளவியாக்கத்தில் ஒரு விதியும் செய்தது. நன்னூலுக்கு வருவதற்குள் உயர்திணையிலிருந்து வெளியே போகிற வழி ஒன்று திறந்துவிட்டிருக்கிறது.

தமிழ்ப் பாட்டின் சரித்திரத்தை இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு வாசித்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. சூத்திரத்தின் முற்பகுதியைப் பாட்டு எடுத்துக்கொண்டது. அவாவே பாலைத் தீர்மானிக்கும் என்பதை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நம் பாட்டு அனுசரித்து வந்திருக்கிறது. சூத்திரத்தின் கடைசி அடியை வீதி எடுத்துக்கொண்டது. மணிமேகலையில் புகார் நகரத்து வீதியில் பேடு ஒன்று ஆடுவதையும் ஜனங்கள் கூடிநின்று பார்ப்பதையும் சாத்தனார் காட்டுகிறார். அங்கே பேடு வேடிக்கைப் பொருள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றாகப் பேடியாடல் வரும்போது அது காமதேவன் ஆடிய கூத்து, ஆகவே கலை. ஒரே கோலம்தான். தெய்வம் தரித்தால் ஒரு மரியாதை, மனிதர் தரித்தால் வேறு. இந்தப் பிளவு எப்படி இவ்வளவு நாள் நிலைத்தது என்பதுதான் என் கேள்வி.

2

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் பாசுரங்கள் 1102. திருவாய்மொழிகள் 100. இவற்றில் 27 பெண் குரலில் அமைந்தவை என்று பழைய உரைகாரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மகள் பேச்சு 17, தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3. நூலில் கால் பங்குக்கும் மேலே. இந்தப் பேச்சில் அவருக்குப் பராங்குச நாயகி என்று பெயர். திருமங்கையாழ்வார் இதே நிலையில் பரகால நாயகி.

இது சங்கப் பாட்டின் தொடர்ச்சிதானே, அங்கே ஆண் புலவர்கள் தலைவி கூற்றாக நூற்றுக்கணக்கில் பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினார்கள். ஔவையார் தலைவன் கூற்றாகப் பாடியதும் குறுந்தொகையில் இருக்கிறது. ஆனால் சங்கப் புலவன் ஒரு நாடகாசிரியன் மாதிரி வெளியே நிற்கிறான். தலைவி பேசுகிறாள், புலவன் பேசவில்லை. பாத்திரத்துக்கு ஊர் பேர் கிடையாது. ஆழ்வார் பாட்டில் இந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. பெண்ணாக நின்று ஏங்குகிறவரும் பாடுகிறவரும் ஒருவரே என்றுதான் சம்பிரதாயம் படிக்கிறது. அறிவில் தெளிந்து பேசும்போது ஆழ்வார் தம் சொந்தக் குரலில் பேசுகிறார், பிரேமம் மீறும்போது பெண்ணாகப் பேசுகிறார் என்று அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் வரையறுக்கிறார். இதை வெறும் அலங்கார சாஸ்திரமாக எனக்குப் படிக்க முடியவில்லை. ஒரு மனிதனுக்குள் இரண்டு குரல்கள் உண்டு, காதலின் குரல் பெண்ணுடையது என்கிறார் அவர்.

உரைகாரர்கள் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்கள். ஆண்டாளை மற்ற ஆழ்வார்களோடு ஒப்பிடுகிற இடம். திருப்பாவையின் பழைய வியாக்கியானத்தில், ஆண் ஒருவன் ஆணைக் கண்டு நேசிப்பதைவிடப் பெண் ஆணை நேசிப்பது பள்ளமடை என்று வருகிறது. பள்ளத்தை நோக்கித் தண்ணீர் தானாக ஓடுகிற மாதிரி. ஆழ்வார்கள் மேட்டுக்கு நீர் ஏற்ற வேண்டியிருந்தது. அப்படியானால் ஆழ்வாரின் காதல் என்பது அடிப்படையில் ஆண் ஆணை நேசித்த காதல் என்பது இவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அதைச் சொல்லக் கூசவும் இல்லை. கம்பன் இன்னும் ஒரு படி போகிறான். ஆண்களும் பெண்மையை விரும்பும்படியான தோள்கள் இராமனுடையவை என்று அவன் சொல்ல வைப்பது ஒரு காதலி வாயால் இல்லை, விசுவாமித்திர முனிவர் வாயால். பவணந்தியின் சூத்திரத்தில் இருக்கும் அந்த அவா என்ற சொல் கம்பனிலும் இருக்கிறது.

கோயில்கள் இதை வெறும் கருத்தாக விட்டுவிடவும் இல்லை. பல வைணவக் கோயில்களில் இராப்பத்து உற்சவத்தின்போது நம்மாழ்வார் திருமேனிக்குப் பராங்குச நாயகி திருக்கோலம் சாத்துகிறார்கள். பகல்பத்தின் கடைசி நாள் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே நாச்சியார் திருக்கோலத்தில் வருகிறார். புடவையும் ஜடையுமாக வருகிற அந்த உருவத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

3

நாயகி பாவம் பற்றி எழுதுகிறவர்கள் மகள் பாசுரங்களோடு நின்றுவிடுகிறார்கள். காதல், விரகம், வளை கழல்தல், பசலை. எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற பத்து திருவாய்மொழிகள், தாயும் தோழியும் பேசுபவை. காதல் மகளின் விவகாரம். அந்தக் காதலை வைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டில் இருக்க முடியுமா என்பது தாயின் விவகாரம். ஏற்பு, மறுப்பு என்ற பிரச்னை பாட்டுக்குள் வருவது இந்தப் பத்தில்தான்.

நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியைப் பாருங்கள். பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தாய்மார் பூசாரியைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துகிறார்கள். கள்ளும் இறைச்சியும் படையல். தோழி குறுக்கே வந்து நிறுத்துகிறாள். நீங்கள் நினைக்கிற நோய் இது இல்லை, நீங்கள் செய்கிற வைத்தியம் இதற்கு ஆகாது, இவள் யாரை நினைத்து இப்படி ஆனாளோ அவன் பேரைச் சொல்லுங்கள் என்கிறாள். வெறிவிலக்கு என்ற சங்கத் துறைதான் இது. துறை பழையது என்பதால் அதில் இருக்கிற புத்திசாலித்தனம் பழசாகிவிடவில்லை. குழந்தையின் விருப்பத்தை நோய் என்று எடுத்துக்கொண்டு பேயோட்டியிடமும் வைத்தியரிடமும் இழுத்துப் போகிற வீடுகள் தமிழ்நாட்டில் இன்றைக்கும் இருக்கின்றன. 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவொன்று, ஒருவருடைய பாலின அடையாளத்தையோ பால் ஈர்ப்பையோ மருத்துவத்தால் குணப்படுத்துகிறேன், மாற்றுகிறேன் என்று யாரும் முயலக்கூடாது என்று தடுத்தது. தோழி கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

ஆறாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியிலும் தோழியே பேசுகிறாள். தொலைவில்லிமங்கலத்தைத் தொழுகிற இவள்மேல் இனி உங்களுக்கு உரிமை இல்லை, ஆசையை விட்டுவிடுங்கள் என்று தாய்மாரிடம் நேராகச் சொல்கிறாள். அடுத்துவரும் ஏழாம் திருவாய்மொழியில் மகள் வீட்டை விட்டுத் திருக்கோளூருக்குப் போய்விட்டாள். தாய் புலம்புகிறாள். அந்தப் புலம்பலில் கோபம் குறைவு. தனியாக எப்படி நடந்தாளோ, அந்த ஊரின் சோலையையும் குளத்தையும் பார்த்து எப்படிச் சந்தோஷப்பட்டாளோ என்று மகளின் கண்ணால் ஊரைப் பார்க்க முயல்கிறாள். ஏழாம் பத்தின் இரண்டாவதில் அதே தாய் அரங்கத்துப் பெருமாளிடம் போய் நின்று, என் பெண்ணை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்கிறாள். ஊருக்குப் பயந்து அதட்டியவள், பெண்ணுக்காக வழக்காடுகிறவளாக ஆகிவிட்டாள்.

ஐந்தாம் பத்தின் ஆறாவது இவை எல்லாவற்றையும்விட விசித்திரமானது. மகள் தன்னை உலகம் படைத்தவன் என்று சொல்லிக்கொள்கிறாள். கடலும் நிலமும் நானே என்கிறாள். தாய் அதை அப்படியே ஊராரிடம் ஒப்பிக்கிறாள், இதை என்னவென்று உங்களுக்குச் சொல்வேன் என்று திகைக்கிறாள். ஓர் ஆண் தாயாகி, அந்தத் தாய் தன் மகளின் பேச்சைச் சொல்லி, அந்த மகள் தன்னைத் தெய்வமாகச் சொல்லி — இத்தனை தாண்டலும் ஒரு திருவாய்மொழிக்குள் நடக்கிறது. நான் யார் என்று ஒருத்தி சொல்வதை வெட்டாமல் திருத்தாமல் திருப்பிச் சொல்கிறாள் தாய். புரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். ஏற்பு என்பதற்கு இதைவிட நேர்மையான உருவம் நம் பாட்டில் எனக்குத் தெரியவில்லை.

4

இவ்வளவு சொன்ன பிறகு நிபந்தனைகளையும் சொல்ல வேண்டும்.

முதல் நிபந்தனை, காதலன் கடவுளாக இருக்க வேண்டும். புருஷோத்தமன் ஒருவனே புருஷன், மற்ற ஜீவன்கள் எல்லாம் பெண்கள் என்பது சித்தாந்தம். எல்லோரும் பெண் என்றால் யார் பெண் என்ற கேள்விக்கே இடமில்லை. பெண்ணாதல் ஒருவருடைய தனிப்பட்ட உண்மையாக இல்லாமல் உலகத்துப் பொது நியதியாகிவிடுகிறது. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை.

இரண்டாவது நிபந்தனை பாட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. திருவாய்மொழி ஒவ்வொன்றிலும் பொதுவாகப் பதினோரு பாட்டு. பத்துப் பாட்டில் அவர் பெண். வளை கழல்கிறது, தாய் அதட்டுகிறாள், ஊர் தூற்றுகிறது. பதினோராம் பாட்டில் குருகூர்ச் சடகோபன் வந்துவிடுகிறார். ஊர், பேர், பாட்டின் எண்ணிக்கை, இதைச் சொல்கிறவர்களுக்குக் கிடைக்கும் பலன். பேர் ஆணின் பேர். பெண்ணாகப் போனவர் ஆணாகத் திரும்பிக் கையெழுத்துப் போடுகிறார். இந்தக் கையெழுத்து இருப்பதால்தான் அந்தப் பத்தும் கோயிலுக்குள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இங்கே இரண்டு தரப்பாரோடும் எனக்குச் சண்டை. ஜீவாத்மா பரமாத்மா தத்துவம், வேறொன்றுமில்லை என்கிறவர்கள் பாட்டைப் படிக்காமல் தத்துவத்தைப் படிக்கிறார்கள். தத்துவத்துக்கு வெறியாட்டும் தாயின் புலம்பலும் தேவையில்லை. நம்மாழ்வாரை இன்றைய பாலின வகைகளில் ஒன்றுக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் பதினோராம் பாட்டை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆழ்வாரின் அந்தரங்கத்தைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. அவர் விட்டுப்போன வடிவத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். போக வழியும் திரும்ப வழியும் உள்ள வடிவம் அது.

திரும்ப வழி இருக்கிற தைரியத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்குத் திருமங்கையின் மடல்கள் உதாரணம். பெண் மடலேறுவது தமிழ் மரபில் இல்லை. தொல்காப்பியமும் குறளும் இதில் ஒன்றுபடுகின்றன. திருமங்கை பரகால நாயகியாக நின்று மடலேறுவேன் என்கிறார். தென்னாட்டு வழக்கம் தெரியும், எனக்கு அது வேண்டாம், வடநெறியே வேண்டும் என்று பெரிய திருமடலில் வாதமும் செய்கிறார். பெண்ணுக்குக் கொடுக்காத உரிமையைப் பெண்ணாகப் பேசிய ஆண் எடுத்துக்கொண்டார். நிஜமான பெண் ஒருத்தி அதே ஆசையை உடம்போடு சேர்த்துப் பாடினாள். அவள் பாட்டில் மார்கழிக்கு ஆன முப்பது வீடுதோறும் ஒலிக்கிற அளவுக்கு நாச்சியார் திருமொழி ஒலிப்பதில்லை.

5

இந்தக் குரல் பதினேழாம் நூற்றாண்டில் கோயிலிலிருந்து அரண்மனைக்கும் தாசியின் கூடத்துக்கும் வந்தது. க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்கள் தஞ்சை நாயக்கர் அவையில் ஒலித்தன. முவ்வகோபாலனை அழைக்கும் அந்த நாயகி பெரும்பாலும் பெண், அவளை எழுதியவர் ஆண், பாடி அபிநயித்தவர்கள் தேவதாசிகள். தமிழில் முத்துத்தாண்டவர், கனம் கிருஷ்ணய்யர், சுப்பராமய்யர் என்று பதம் வளர்ந்தது. ஆண் எழுதும் பெண் குரலுக்கு ஒரு பெண்ணுடம்பு கிடைத்தது இந்தக் கட்டத்தில். கிடைத்ததும் சங்கடம் ஆரம்பமாயிற்று.

முத்துபழனி 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட பிரதாபசிம்மன் அவையில் இருந்த கணிகை. ராதிகா சாந்த்வனம் என்ற தெலுங்குக் காவியம் அவள் எழுதியது. ராதையின் காமமும் பொறாமையும் அதில் ஒரு பெண்ணாலேயே சொல்லப்பட்டன. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதை முழுசாக அச்சிட்டார். பெண் வாயிலிருந்து வரக்கூடாத விஷயங்கள் என்று வீரேசலிங்கம் பந்துலு முன்பே அந்தக் காவியத்தைக் கண்டித்திருந்தார். கூச்சம் என்பது பெண்களுக்கு மட்டும் ஏற்பட்டதா என்று நாகரத்தினம்மாள் கேட்டார். ஆண் கவிகள் எழுதிய இதே மாதிரி சிருங்காரத்தை அவர் ஆட்சேபிக்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். 1911இல் அரசாங்கம் புத்தகத்தை ஆபாசம் என்று தடை செய்தது. 1947இல் டங்குடூரி பிரகாசம் தடையை நீக்கினார். அதே 1947இல்தான் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த முறை போனதற்காக நான் வருத்தப்படவில்லை. காவியத்துக்கு விடுதலையும் அதை எழுதியவளின் குலத்தொழிலுக்குத் தடையும் ஒரே வருஷத்தில் வந்தன என்பதைக் குறித்துவைக்கிறேன், அவ்வளவே.

நாகரத்தினம்மாள் கதையில் இன்னொரு அத்தியாயம் திருவையாறு. தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடந்தபோது சொந்தப் பணத்தைப் போட்டு 1920களில் அங்கே கோயில் எழுப்பியவர் அவர். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. இருந்த இரண்டு கட்சிகளும் ஆண்களுடையவை. அவர் மூன்றாவதாகப் பெண்கள் கோஷ்டி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பாட வேண்டியிருந்தது. 1940 வாக்கில்தான் கட்சிகள் ஒன்றாயின. தியாகராஜர் நௌகா சரித்திரம் எழுதியவர். யமுனையில் கிருஷ்ணனோடு படகேறிய கோபிகளின் வாயில் பாட்டுப் பாட்டாக வைத்தவர். அந்தக் கோபிகளின் குரலை ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம். பெண் ஒருத்தி அவர் சமாதியில் உட்கார்ந்து பாடுவதற்குத்தான் போராட்டம் தேவைப்பட்டது.

பிறகு நாட்டியத்தைச் சபைக்குக் கொண்டுபோனவர்கள் பதங்களைச் சலித்தார்கள். சிருங்காரம் குறைந்தது, பக்தி கூடியது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி இதற்கு இணங்கவில்லை. 1975இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் நாட்டியத்தின் உயர்ந்த ரசம் சிருங்காரமே என்றும், அதற்கு வெளியிலிருந்து யாரும் தூய்மை சேர்க்க வேண்டியதில்லை என்றும் வாதிட்டார். பெண் பேச்சைப் பெண்ணுக்கே உரியதாக்கக் கேட்ட வாதம் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

6

பாரதியின் கண்ணன் பாட்டு 1917இல் வந்தது. அதில் கண்ணன் தோழன், தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன், குரு என்று மாறிக்கொண்டே போகிறான். காதலன் என்ற தலைப்பில் பாரதி நாயகியாகிறான். காதலி என்ற தலைப்பில் கண்ணனையே கண்ணம்மாவாக்கிவிட்டுத் தான் ஆணாகிறான். பழைய சித்தாந்தத்தில் அசையாமல் இருந்தது கடவுளின் ஆண்மை ஒன்றுதான். பாரதி அதையும் அசைத்துவிட்டான். விளையாட்டாகச் செய்தான் என்றாலும் செய்துவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்த புதுக்கவிதை இந்தத் திசையில் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை என்பது நம் வட்டாரத்தார் யோசிக்க வேண்டிய சமாசாரம்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கதாநாயகியின் ஏக்கத்தை ஆண் கவிஞர்கள் ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள், ஒருவருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. ஆணுடம்பில் பிறந்து பெண்ணாக வாழ்கிற ஒருத்தி அதே திரையில் வந்தபோது பெரும்பாலும் கேலிக்கு வந்தாள்.

7

கூத்தாண்டவர் கோயில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் இருக்கிறது. இன்றைக்கு அது கள்ளக்குறிச்சி மாவட்டம். களப்பலிக்கு ஒப்புக்கொண்ட அரவானுக்குச் சாவதற்கு முன் கல்யாணம் ஆகவேண்டும், மறுநாள் தாலியறுக்கப் போகிறவளாக எந்தப் பெண்ணும் வரவில்லை, கிருஷ்ணனே மோகினியாகி மணந்தான் என்பது கதை. களப்பலி பழைய தமிழ்ப் பாரதங்களிலேயே உண்டு. மோகினி கல்யாணம் நாட்டுப்புறம் சேர்த்தது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் அங்கே வந்து பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் கும்மி. விடிந்தால் அரவான் பலி, தாலியறுப்பு, வளையுடைப்பு, வெள்ளைப்புடவை, ஒப்பாரி.

ஆழ்வாரின் நாயகி பாவத்தையும் கூவாகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் பண்டிதர்களுக்கு மனம் வராது. எனக்கு இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன. இரண்டிலும் காதலன் தெய்வம், பாடுகிறவர் பிறப்பால் ஆண், பாட்டு பெண்ணின் பாட்டு. வித்தியாசம் பதினோராம் பாட்டில். கூவாகத்திலிருந்து திரும்புகிறவளுக்கு ஆணாகிக் கையெழுத்துப் போட ஓர் ஊரும் பேரும் இல்லை, அது அவளுக்கு வேண்டியதும் இல்லை. அவள் பத்துப் பாட்டிலேயே வாழ்கிறாள். ஆகவே சடங்கு அவளுக்கு ஓர் இரவைக் கொடுத்துவிட்டு விதவையாக்கி அனுப்புகிறது. திரும்பாதவளுக்கு நம் மரபு யோசித்துவைத்த ஏற்பாடு அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. வீட்டை விட்டு வருகிறவளை மூத்த திருநங்கை ஒருத்தி மகளாக எடுத்துக்கொள்கிறாள். அம்மா, மகள், பாட்டி என்றுதான் உறவு சொல்லிக்கொள்கிறார்கள். தாய், மகள், தோழி என்று உரைகாரர்கள் பாட்டுக்குள் வகுத்த மூன்று பேச்சுக்களும் அந்த வீடுகளில் தினசரிப் பேச்சாக இருக்கின்றன. இலக்கியத்தில் துறையாக இருந்தது அங்கே பிழைப்பதற்கான வழியாக இருக்கிறது.

8

2008இல் தமிழ்நாடு அரசு இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தன் பாலைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2018 செப்டம்பர் 6இல் வயதுவந்தவர்களின் ஒருபால் உறவு குற்றமல்ல என்றது. பவணந்தி சொன்ன அவாவுக்குச் சட்டம் வந்துசேர எண்ணூறு வருஷம் ஆயிற்று.

பாட்டின் பக்கத்தில் நடந்த காரியம் என்று நான் குறிப்பிட விரும்புவது ஒன்று. மதுரைக்காரரான நர்த்தகி நடராஜ் தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பல வருஷம் இருந்து கற்றார். தஞ்சை நால்வரின் வழிவந்த அந்தப் பாணியில் நாயகி பாவத்தைத் தம் தனிச்சிறப்பாக எடுத்துக்கொண்டார். 2019இல் பத்மஸ்ரீ, 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர். விருதை விடுங்கள். ஆண் கவிகள் பெண்ணாகி எழுதிய பாட்டைப் பெண்ணாகவே வாழ்கிற திருநங்கை ஒருத்தி அபிநயிக்கும்போது அந்தப் பாட்டின் அர்த்தம் மாறுகிறது. பாட்டு முடிந்த பிறகும் அவர் நாயகிதான். பதினோராம் பாட்டிலும் பெண் பேர்தான்.

இன்னொன்று, கடவுளை நடுவில் வைக்காத எழுத்து. ரேவதியின் உணர்வும் உருவமும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் நான் வித்யா, கல்கி சுப்ரமணியத்தின் கவிதைகள். இவை பாட்டு இல்லை. உரைநடையும் புதுக்கவிதையும். இவற்றின் நயம் பற்றி வேறு இடத்தில் பேசலாம். தெய்வத்தின் சிபாரிசு இல்லாமல், திரும்பும் வழியும் வைத்துக்கொள்ளாமல், பெண் பேரில் கையெழுத்துப் போட்டு வந்த எழுத்து இது என்பதே இப்போதைக்குப் போதும்.

குறையும் ஒன்று சொல்ல வேண்டும். நன்னூல் இரண்டு வகையையும் சொன்னது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவனுக்குப் பக்திப் பாட்டு ஒரு துறையும் வைக்கவில்லை. திருநம்பிகள் எழுத வரும்போது அவர்களுக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள ஆழ்வாரும் இல்லை, கூத்தாண்டவரும் இல்லை.

காதலைப் பற்றி நம்மிடம் பாட்டு ஏராளம். கடவுள் யாரையும் ஏற்றுக்கொள்வார் என்பதற்கும் பாட்டு ஏராளம். அதற்கு அவருக்குச் செலவொன்றும் இல்லை. திருக்கோளூருக்குப் போன மகளைப் பற்றி அந்தத் தாய் பாடியதுபோல, கோபமும் பயமும் தீர்ந்து மகளின் கண்ணால் உலகத்தைப் பார்க்க முயலும் தாயின் பாட்டுத்தான் குறைவு. அந்த ஏழு திருவாய்மொழிகளில் பேசுகிற தாய்க்குத் தன் மகள் சொல்வது முழுசாகப் புரியவில்லை. புரியாமலே அவளுக்காக அரங்கன் வரைக்கும் நடந்தாள். கூவாகத்தில் ஒப்பாரி வைக்கிறவர்கள் மனைவியாக நின்று பாடுகிறார்கள். அவர்களைப் பெற்றவள் எதைப் பாடுவாள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் காத்திருக்கிறேன்.